முதல் சம்பளம், முதல் கிரெடிட் கார்டு: டிராவல் கார்டு இப்பவே வேணுமா?

வேலைக்குச் சேர்ந்து ரெண்டு மூணு மாசம் ஆனவங்க என்கிட்ட அதிகமா கேட்கிற கேள்வி இது: "சார், ஏர்போர்ட் லவுஞ்ச் ஃப்ரீ, ஃப்ளைட் டிக்கெட் ஃப்ரீன்னு சொல்றாங்களே, எந்த டிராவல் கார்டு வாங்கலாம்? அதுக்கு எந்த பேங்க்ல அக்கவுண்ட் ஓப்பன் பண்ணலாம்?"

கேள்வி சரிதான். வரிசையை மட்டும் மாத்திக்கலாம். முதல்ல பேங்க், அடுத்து கட்டணமில்லாத ஒரு சாதாரண கார்டு, அதுக்கப்புறம்தான் டிராவல் கார்டு. ஏன்னு கணக்கு போட்டே பார்ப்போம்.

1. பேங்க்: ரெண்டு அக்கவுண்ட் போதும்

கம்பெனி மூலமா ஒரு சேலரி அக்கவுண்ட் கிடைச்சிருக்கும். பெரும்பாலும் அதில் மினிமம் பேலன்ஸ் கேட்க மாட்டாங்க. ஆனா நீங்க வேலை மாறி, தொடர்ந்து சில மாதங்கள் சம்பளம் வரலைன்னா, வங்கி அதை சாதாரண சேமிப்புக் கணக்காக மாற்றிவிடும். அப்போ மினிமம் பேலன்ஸ் விதியும் சேர்ந்தே வரும். பழைய கணக்கை மறந்து போட்டு வெச்சா, அபராதம் ஓடிக்கிட்டே இருக்கும்.

அதனால கம்பெனி மாறினாலும் மாறாத இன்னொரு கணக்கு வெச்சுக்கங்க. ஸ்டேட் பேங்க் 2020 மார்ச்சிலும், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியன் பேங்க் 2025 ஜூலையிலும் சேமிப்புக் கணக்குகளுக்கு மினிமம் பேலன்ஸ் அபராதத்தை நீக்கிட்டாங்க. உங்க சேமிப்பு அந்த ரெண்டாவது கணக்குல இருக்கட்டும், மாசச் செலவு சேலரி அக்கவுண்ட்ல இருக்கட்டும். டெபாசிட் இன்சூரன்ஸ் ஒரு வங்கியில் ஒருவருக்கு அசலும் வட்டியும் சேர்த்து 5 லட்சம் ரூபாய் வரைக்கும்தான் என்பதையும் ஞாபகம் வெச்சுக்கங்க.

2. முதல் கார்டு: பாயின்ட்டுக்காக இல்லை, ஸ்கோருக்காக

சிபில் ஸ்கோர் 300-லிருந்து 900 வரை. இதுவரை எந்தக் கடனும் வாங்காதவருக்கு ஸ்கோரே இருக்காது. நாளைக்கு வீட்டுக் கடன் கேட்கும்போது வங்கி பார்க்கப் போறது இதைத்தான். அந்த வரலாற்றைத் தொடங்கி வைக்கிறதுதான் முதல் கார்டோட வேலை.

எஜுகேஷன் லோன் வாங்கிப் படிச்சவங்க ஒரு விஷயம் கவனிக்கணும். உங்க வரலாறு ஏற்கெனவே தொடங்கிடுச்சு! இஎம்ஐ தவறினா உங்க ஸ்கோர் மட்டுமில்லை, இணைக் கடன்தாரராகக் கையெழுத்துப் போட்ட அப்பாவோ அம்மாவோ, அவங்க ஸ்கோரும் சேர்ந்து அடி வாங்கும். புதுக் கார்டுக்கு விண்ணப்பிக்கிறதுக்கு முன்னாடி உங்க கிரெடிட் ரிப்போர்ட்டைப் பாருங்க. ஒவ்வொரு கிரெடிட் பீரோவும் வருஷத்துக்கு ஒரு முழு ரிப்போர்ட்டை இலவசமாகத் தரணும் என்பது ரிசர்வ் வங்கி விதி.

கார்டு கேட்க எளிதான இடம் உங்க சேலரி அக்கவுண்ட் இருக்கிற வங்கிதான், ஏன்னா உங்க வரவு அவங்க கண்ணு முன்னாடியே இருக்கு. அங்கேயும் கிடைக்கலையா? ஃபிக்ஸட் டெபாசிட் போட்டு, அதன் பேரில் கார்டு வாங்கலாம். டெபாசிட்டுக்கு வட்டியும் வரும், ஸ்கோரும் வளரும். ஒரே வாரத்துல நாலு வங்கியில் விண்ணப்பம் போடுறது மட்டும் வேண்டாம். ஒவ்வொரு விசாரணையும் ரிப்போர்ட்ல பதிவாகும்.

3. மினிமம் டியூ: இங்கேதான் பலர் மாட்டிக்கிறாங்க

பில் 40,000 ரூபாய். கட்ட வேண்டிய குறைந்தபட்சத் தொகை 2,000-ன்னு போட்டிருக்கு. "சரி, இந்த மாசம் அதை மட்டும் கட்டுவோம்"னு நினைக்கிறீங்க. மாசம் 3.5 சதவீத வட்டின்னா 1,400 ரூபாய். அதுக்கு 18 சதவீத ஜிஎஸ்டி 252 ரூபாய். மொத்தம் 1,652. நீங்க கட்டின 2,000-ல கடன் குறைஞ்சது வெறும் 348 ரூபாய்!

இன்னொன்னும் இருக்கு. பழைய பாக்கி தீருற வரைக்கும், புதுசா வாங்குற பொருளுக்கும் வட்டியில்லா நாட்கள் கிடையாது. முதல் நாளிலிருந்தே வட்டிதான். அதனால முழு பில்லுக்கும் ஆட்டோ டெபிட் போட்டு வைங்க. அதைக் கட்ட முடியாதுன்னு தோணுற செலவைக் கார்டுல செய்யாதீங்க. ஏடிஎம்ல கிரெடிட் கார்டு போட்டுப் பணம் எடுக்கவே எடுக்காதீங்க. அதுக்குக் கட்டணமும் உண்டு, அன்றைய தேதியிலிருந்தே வட்டியும் உண்டு.

4. டிராவல் கார்டு: லாபம் எங்கே தொடங்குது?

ஆண்டுக் கட்டணம் 5,000 ரூபாய் உள்ள ஒரு கார்டை உதாரணத்துக்கு எடுத்துக்கலாம். ஜிஎஸ்டியோட 5,900. செலவுல 2 சதவீதம் திரும்பக் கிடைக்குதுன்னு வைங்க. கட்டணத்தை மீட்கவே வருஷத்துக்கு 2,95,000 ரூபாய் செலவு செய்யணும்.

ஆனா இந்தக் கணக்கும் பாதிதான். கட்டணமே இல்லாத கார்டு 1 சதவீதம் தருதுன்னா, டிராவல் கார்டு கூடுதலாகத் தர்றது 1 சதவீதம் மட்டும்தானே? அப்போ 5,90,000 ரூபாய் செலவு செஞ்சாதான் ரெண்டும் சமம். மாசம் 35,000 சம்பளம்னா வருஷ வருமானமே 4,20,000. வருமானத்தைத் தாண்டிச் செலவு செஞ்சாதான் லாபம்னா, அது உங்களுக்கான கார்டு இல்லை.

சென்னையிலிருந்து திருநெல்வேலிக்கு மாசம் ஒரு தடவை ரயில், தீபாவளி பொங்கலுக்கு பஸ், வருஷத்துக்கு ஒரு ஃப்ளைட்... இதுதான் உங்க பயணம்னா, லவுஞ்ச் எத்தனை தடவை பயன்படும்? அதுவும் பல கார்டுகளில் முந்தைய காலாண்டில் குறிப்பிட்ட தொகை செலவு செஞ்சாதான் லவுஞ்ச் திறக்கும்.

பாயின்ட் என்பது பணம் இல்லை. அதன் மதிப்பை நிறுவனம் எப்ப வேணும்னாலும் மாத்தலாம். 2024 நவம்பரில் விஸ்தாரா, ஏர் இந்தியாவோட இணைஞ்சதும், விஸ்தாரா பெயர்ல பல வங்கிகள் கொடுத்திருந்த கார்டுகள் முடிவுக்கு வந்தன. ஒரே ஏர்லைன் பாயின்ட்டை வருஷக்கணக்கா சேர்த்து வைக்காம, கிடைக்கக் கிடைக்கப் பயன்படுத்திடுங்க.

5. வெளிநாடு போறீங்களா? அப்போ கணக்கு மாறும்

பல சாதாரண கார்டுகளில் ஃபாரெக்ஸ் மார்க்கப் 3.5 சதவீதம். சிங்கப்பூர்ல 1 லட்சம் ரூபாய் செலவு செஞ்சா 3,500, அதுக்கு ஜிஎஸ்டி 630, ஆக 4,130 ரூபாய் சும்மா போகும். மார்க்கப் இல்லாத கார்டுன்னா அத்தனையும் மிச்சம். லவுஞ்சைவிட முதல்ல பார்க்க வேண்டியது இதைத்தான்.

கடையில் "ரூபாயில் பில் போடவா, சிங்கப்பூர் டாலரிலா?"ன்னு கேட்டா, அந்த ஊர்ப் பணத்தையே சொல்லுங்க. ரூபாய்னு சொன்னா கடைக்காரர் பக்கத்து மாற்று விகிதம்தான் விழும், பெரும்பாலும் அது உங்களுக்கு நஷ்டம். கிளம்புறதுக்கு முன்னாடி ஆப்ல வெளிநாட்டுப் பரிவர்த்தனையை ஆன் பண்ணுங்க, திரும்பினதும் ஆஃப் பண்ணுங்க.

6. போன்ல வர்ற ஆஃபர்

"லைஃப் டைம் ஃப்ரீ"ன்னு சொன்னா, எழுத்துல கேளுங்க. முதல் வருஷம் மட்டும் இலவசமா, எப்பவுமேவா என்பது அதுல தெரிஞ்சிடும். நீங்க கேட்காம கார்டு அனுப்பக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. பாக்கியில்லாத கார்டை மூடச் சொல்லி நீங்க விண்ணப்பிச்சா, 7 வேலை நாளுக்குள் மூடணும். தாமதமானா நாளொன்றுக்கு 500 ரூபாய் உங்களுக்குத் தரணும்.

இப்ப என்ன செய்யலாம்? கடந்த 3 மாச பேங்க் ஸ்டேட்மென்ட்டை எடுங்க. ரயில், பஸ், ஃப்ளைட், ஹோட்டல்னு பயணத்துக்குப் போனதை மட்டும் கூட்டி, நாலால் பெருக்குங்க. அதுதான் சுமாரான உங்க வருஷப் பயணச் செலவு. நீங்க பார்த்து வெச்சிருக்கிற டிராவல் கார்டோட கட்டணத்தை அதுக்குப் பக்கத்துல எழுதிப் பாருங்க. இன்னைக்குக் கட்டணமில்லாத கார்டு, ஒரு வருஷம் முழு பில்லையும் தவறாமக் கட்டுற பழக்கம், அப்புறம் இதே கணக்கு மறுபடியும். அப்போ டிராவல் கார்டு தேவைன்னு வந்தா, நல்ல ஸ்கோரோட தாராளமாப் போய்க் கேளுங்க.