மேலே விட்டுவைத்த கம்பி

திருவாரூர்ப் பக்கத்திலிருந்து ஒரு வாசகர், ஓய்வுபெற்ற ஆசிரியர், நீளமாக ஒரு கடிதம் எழுதியிருக்கிறார். 1990களின் கடைசியில் கட்டிய வீடு. "பிற்பாடு மாடி எடுத்துக்கலாம்" என்று அன்றைக்கே பில்லர் கம்பிகளைத் தளத்துக்கு மேலே விட்டுவைத்திருக்கிறார்கள். இப்போது பையனுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. மேலே ஒரு போர்ஷன் வேண்டும். தனிப் படி, தனி அடுப்பு, தனி மீட்டர். மேஸ்திரி வந்து கம்பிகளைச் சுத்தியலால் தட்டிப் பார்த்துவிட்டு, "ஜம்முனு இருக்கு சார், இப்படியே ஏத்திக் கட்டிடலாம்" என்று சொல்லிவிட்டாராம். கட்டலாமா என்று என்னைக் கேட்கிறார்.

மாடி கட்டுவது எப்படி என்று நான் ஆரம்பத்திலிருந்து விளக்கப் போவதில்லை. செங்கல் என்ன விலை, எம்-சாண்ட் லோடு என்ன விலை என்பதெல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். எனக்கு வெகுநாளாக ஆசை அந்தக் கம்பிகள் மேல்தான். தமிழ்நாட்டின் எந்த ஊருக்குள் ரயில் நுழைந்தாலும் முதலில் கண்ணில் படுவது கோபுரம் இல்லை, மொட்டை மாடிகளில் நான்கு நான்காக நிற்கும் துருப்பிடித்த கம்பிகள். ஒன்றில் துணி காயக் கொடி கட்டியிருக்கும். இன்னொன்றில் கண்ணில் குத்திவிடாமல் இருக்க பிளாஸ்டிக் பாட்டிலைக் கவிழ்த்திருப்பார்கள். மூன்றாவதில் திருஷ்டி பொம்மை. பையனோ பெண்ணோ பெரியவர்களானதும் மேலே வந்து குடியிருப்பார்கள் என்ற நினைப்பில் விட்ட கம்பிகள் அவை. பிள்ளைகள் பெங்களூருக்கோ வெளிநாட்டுக்கோ போய்விட, கம்பி மட்டும் மழையில் நிற்கிறது.

கம்பியை எதற்காக விடுகிறார்கள்? மேல்மாடியின் பாரம் கீழ்த்தளத்துப் பில்லருக்குள் இறங்க வேண்டும். அதற்கு மேல் பில்லரின் கம்பியும் கீழ்ப் பில்லரின் கம்பியும் ஒரே கம்பிபோல வேலை செய்யவேண்டும். இரண்டையும் பற்றவைப்பதில்லை, பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திக் கட்டுக்கம்பியால் கட்டிவிட்டுக் கான்கிரீட் ஊற்றுகிறார்கள். கட்டுக்கம்பி எந்தப் பாரத்தையும் தாங்குவதில்லை. ஒரு கம்பியிலிருந்து சுற்றியுள்ள கான்கிரீட்டுக்கும், அந்தக் கான்கிரீட்டிலிருந்து அடுத்த கம்பிக்கும் விசை கை மாறுகிறது. கை மாறுவதற்குப் போதிய நீளம் தேவை. சைட்டில் இதை 'ஐம்பது டி' என்பார்கள். கம்பியின் விட்டத்தைப் போல ஐம்பது மடங்கு: 12 மி.மீ. கம்பிக்கு 600 மி.மீ., அதாவது இரண்டடி, 16 மி.மீ. கம்பிக்கு 800 மி.மீ. நம் மாடிகளில் பாதிக்கு மேல் ஒரு முழம்கூட நீளாத கம்பிகளைப் பார்த்திருக்கிறேன். கடைசியில் மிஞ்சிய துண்டை அப்படியே விட்டுவிட்டார்கள் என்று தோன்றும்.

நீளம் இருந்தாலும் இன்னொரு சிக்கல் உண்டு, எனக்கு மிகவும் பிடித்த சிக்கல். நில அதிர்வைத் தாங்கும் கட்டடங்களுக்கான இந்தியத் தர விதி (ஐ.எஸ். 13920) பில்லரின் உயரத்தில் நடுப்பாதியில்தான் இந்த இணைப்பு வரவேண்டும் என்கிறது. பூமி ஆடும்போது பில்லர் அதிகமாக வளைந்து நோவது தளத்தை ஒட்டிய அடிப்பகுதியும் உச்சியும்தான். நடுவில் நோவு குறைவு. அப்படியானால் கம்பி தளத்துக்கு மேலே ஓர் ஆளின் நெஞ்சு உயரத்துக்காவது நிற்கவேண்டும். யார் விடுகிறார்கள்? எல்லா வீட்டிலும் இணைப்பு தளத்தை ஒட்டியே, இருக்கக்கூடாத இடத்திலேயே வந்து சேர்கிறது. அதே விதியின் 2016-ஆம் ஆண்டுப் பதிப்பு பில்லரின் குறைந்தபட்ச அளவையும் 300 மி.மீ. ஆக்கிவிட்டது. நாம் பழகியிருக்கும் ஒன்பதுக்கு ஒன்பது அங்குலப் பில்லர் 230 மி.மீ.தான். சென்னையில் நில அதிர்வு எங்கே என்று கேட்பவர்களுக்கு ஒரு தகவல்: 2002-இல் வெளியான வரைபடத்தில் சென்னையை இரண்டாம் மண்டலத்திலிருந்து மூன்றாம் மண்டலத்துக்கு உயர்த்தினார்கள்.

இனித் துரு. கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி துருப்பிடிக்காமல் இருப்பதற்குக் காரணம், அது காற்றுப் படாமல் மூடியிருப்பது மட்டுமில்லை. புதுக் கான்கிரீட் கடுமையான காரத்தன்மை உள்ளது, அதன் பி.எச். 12-க்கு மேல். அந்தக் காரத்தில் இரும்பின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு மெல்லிய படலம் உருவாகிக் காவல் நிற்கிறது. வருடக்கணக்கில் காற்றிலுள்ள கரியமில வாயு உள்ளே ஊடுருவிக் காரத்தைக் குறைக்கும்போதோ, கடற்காற்றின் உப்பு உள்ளே போகும்போதோ அந்தக் காவல் கலைகிறது. வெளியே நிற்கும் கம்பிக்கு முதல் நாளிலிருந்தே காவல் இல்லை. அது துருப்பிடிப்பதுகூடப் பெரிய ஆபத்தில்லை, தேய்த்து எடுத்துவிடலாம். மேலோட்டமான செந்துரு கான்கிரீட்டின் பிடிப்பைக் குறைப்பதும் இல்லை. விஷயமே கம்பி தளத்திலிருந்து வெளியே வரும் அந்த ஓர் அங்குலத்தில் இருக்கிறது. அங்கேதான் மழைத்தண்ணீர் தேங்குகிறது. கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளே இறங்குகிறது. மேலே பார்த்தால் கம்பி தடியாக இருக்கும். தளத்தை ஓர் அங்குலம் கொத்திப் பார்த்தால் இடுப்பு சிறுத்திருக்கும். சுத்தியலால் தட்டிப் பார்த்தால் அது தெரியாது.

துரு தான் தின்ற இரும்பைவிட இரண்டு மடங்கிலிருந்து ஆறு மடங்குவரை இடம் கேட்கும். சின்ன வயதில் என் அம்மா நவராத்திரிச் சுண்டலுக்கு ஒரு மூடி போட்ட எவர்சில்வர் டப்பாவில் கொண்டைக்கடலையை நிறையக் கொட்டி, தண்ணீர் ஊற்றி, எறும்பு வராமல் அழுத்தி மூடி வைத்துவிட்டாள். ராத்திரி டப்பென்று சத்தம். மூடி ஒரு மூலையில், கடலை ஒரு மூலையில். கான்கிரீட்டுக்குள் நடப்பதும் அதுதான். வெளியே தள்ளும் விசையைக் கான்கிரீட்டால் தாங்க முடியாது. கம்பி போகும் வழியிலேயே நேர்க்கோடாக விரிசல் விடும், பிறகு பெயர்ந்து விழும். கீழ்த்தளத்துப் பில்லரின் உச்சியில் நெட்டுவாக்கில் விரிசல் தெரிந்தால், மேலே கம்பியைத் தட்டிப் பார்ப்பதை நிறுத்திவிட்டுக் கீழே பார்க்கவேண்டும். பலர் அதன் மேல் பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்துவிடுகிறார்கள்.

இதில் எனக்கு ஒரு மனக்குறை. கம்பி அரிமானத்தைப் பற்றி உலகத்துக்கே பாடம் சொல்லக்கூடிய இடம் நம்மிடம்தான் இருக்கிறது. காரைக்குடியில் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலம் கொடுக்க, 1948-இல் நேரு அடிக்கல் நாட்டிய மத்திய மின்வேதியியல் ஆய்வகம், செக்ரி. மண்டபம் கடற்கரையின் உப்புக்காற்றில் உலோகங்களை நிறுத்திவைத்து அவை எப்படிக் கரைகின்றன என்று அளந்தவர்கள். கம்பிக்குப் பூசுவதற்கு சிமெண்டும் பாலிமரும் கலந்த பூச்சையும் உருவாக்கினார்கள். அந்த அறிவு பாலங்களுக்குப் போய்ச் சேர்ந்தது. காரைக்குடியிலேயே அடுத்த தெருவின் மொட்டை மாடிக்குப் போய்ச் சேரவில்லை. நம் கொத்தனார்களுக்கு இதைச் சொல்லிக்கொடுக்க யாரும் மெனக்கெட்டதில்லை. அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை.

பழைய கம்பியை என்ன செய்வது? தளத்தைச் சுற்றி நல்ல இரும்பு தெரியும்வரை கொத்தி, கம்பித் தூரிகையால் தேய்த்து, வெர்னியர் வைத்து விட்டத்தை அளக்கவேண்டும். குறைந்திருந்தால் பில்லரில் துளையிட்டு, ரசாயனப் பசை செலுத்திப் புதுக் கம்பியை இறக்கலாம், ரீபாரிங் என்கிறார்கள். இதில் எல்லோரும் கோட்டை விடுவது தூசியில். துளைக்குள் காற்றடித்து, பிரஷ் விட்டுச் சுத்தம் செய்யாவிட்டால் பசை தூசியைத்தான் பிடித்துக்கொள்ளும், கான்கிரீட்டைப் பிடிக்காது. கம்பி அப்போதைக்கு உறுதியாகத்தான் நிற்கும். இன்னொன்று: நடக்க இடைஞ்சலாக இருக்கிறதென்று கம்பியைப் பைப் மாட்டி மடக்கிவிட்டு, மாடி கட்டும்போது மறுபடி நிமிர்த்துவார்கள். மடங்கிய அதே இடத்தில் நிமிர்த்தினால் கம்பியில் நுண்ணிய கீறல் விழலாம். டி.எம்.டி. கம்பி வருவதற்கு முன்பு பயன்பட்ட முறுக்குக் கம்பியில் இது இன்னும் மோசம்.

திருவாரூர் ஆசிரியருக்கு நான் எழுதிய பதில் வேறு இடத்திலிருந்து தொடங்கியது. மேஸ்திரியை மாடிக்கு அனுப்பும் முன்பு இரண்டு ஆட்களைத் தோட்டத்துக்கு அனுப்புங்கள் என்றேன். வெளிப்புறப் பில்லர் ஒன்றின் பக்கத்தில் கடைக்கால் மட்டம்வரை குழி தோண்டி, அடிப்பாதம் எத்தனை அடி அகலம், எந்த மண்ணில் உட்கார்ந்திருக்கிறது என்று ஒரு கட்டுமானப் பொறியாளர் பார்க்கவேண்டும். கம்பி விட்டவர் பாதத்தையும் அதற்கேற்ற அகலத்தில் போட்டாரா என்பது அந்தக் குழியில்தான் தெரியும். பல வீடுகளில் கம்பி ஒரு சமாதானத்துக்காக விடப்பட்டது. பாதம் தரைத்தளத்துக்கு மட்டுமே போடப்பட்டது. டெல்டாவின் களிமண் மழையில் ஊதி, கோடையில் வெடிக்கிற மண் வேறு.

பாரத்தைப் பற்றி நம் மனக்கணக்கு சுத்தமாகத் தப்பு. மாடியில் ஆயிரம் லிட்டர் சின்டெக்ஸ் வைக்கப் பயப்படுவோம். அது ஒரு டன்தான். 600 சதுர அடிக்கு ஐந்தங்குலத் தளம் போட்டால் அது மட்டுமே 17 டன்னுக்கு மேல். பத்தடி உயரமுள்ள ஒன்பதங்குலச் செங்கல் சுவர், ஓர் அடி நீளத்துக்குச் சுமார் 400 கிலோ. நான்கு புறமும் சேர்த்து நூறடி நீளம் வரும். கதவு, ஜன்னலைக் கழித்தாலும் 30 டன்னுக்குக் குறையாது. குடியிருப்பவர்கள், கட்டில், பீரோ எல்லாவற்றுக்கும் தர விதி ஒதுக்கும் எடையோ சதுர மீட்டருக்கு 200 கிலோதான். வீட்டில் கனமானது வீடேதான். அதனால் மேலே செங்கல்லுக்குப் பதில் ஏ.ஏ.சி. பிளாக் வைத்தால் சுவர் எடை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகிவிடும். பிளாக் வேண்டாம், செங்கல்தான் 'கெட்டி' என்று அடம்பிடிப்பவர்கள் இந்த 30 டன்னைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்கலாம். வாஸ்துவுக்காக நடுத்தளத்தில், கீழே பீமே இல்லாத இடத்தில், குறுக்குச் சுவர் எழுப்புவதைப் பற்றி நான் பேச ஆரம்பித்தால் பக்கம் போதாது.

பில்லரே இல்லாத பழைய வீடுகள் தனிக் கதை. ஒன்பதங்குலச் சுவரே பாரம் தாங்கும் வீட்டில், மேல் சுவர் கீழ்ச் சுவரின் மேலேயே வருமானால், கடைக்காலும் இடம் கொடுத்தால், மாடி எடுக்கலாம். தேக்குக் கட்டைகளின் மேல் சின்னச் செங்கல்லை மூலைவாட்டில் நிறுத்திச் சுண்ணாம்பில் பிணைத்த மெட்ராஸ் டெரஸ் என்றால் அதன் மேல் கைவைக்காமல் இருப்பதே மரியாதை.

அரசாங்கம் இப்போது வழியை எளிதாக்கிவிட்டது. 2024 ஜூலையில் தொடங்கிய சுயசான்று முறையில், 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை, தரைத்தளமோ தரையோடு ஒரு மாடியோ கட்ட இணையத்திலேயே உடனடி அனுமதி கிடைக்கிறது. அலைச்சல் போனது நல்லதுதான். ஆனால் உறுதிமொழி தருவது நாம் என்பதால், கம்பியைப் பற்றிக் கேள்வி கேட்கவேண்டியவரும் நாம்தான். மின்சாரத்துக்குத் தனி மீட்டர் எல்லோரும் கேட்பார்கள். 2016 முதல் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசமாயிற்றே. அடுப்பைத் தனியாக வைத்தால்தான் அது இரண்டாவது வீடு என்பதில் நம் கிராமத்துப் பெரியவர்களும் இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் ஒரே கட்சி. ஒரே சமையலறையில் சாப்பிடுகிறவர்கள்தான் கணக்கெடுப்பில் ஒரு குடும்பம். சுவர் எத்தனை இருந்தாலும் கணக்கில்லை.

இன்றைக்குத் தரைத்தளம் கட்டிக்கொண்டிருப்பவர்கள், நாளைக்கு மாடி வரும் என்றால், கம்பியை வெளியே விடும் இடத்தில் சிமெண்ட் பால் பூசி, அதைச் சுற்றி சிமெண்ட் குறைவான லீன் கான்கிரீட்டை ஒரு குட்டிப் பில்லர்போல வார்த்துவிடுங்கள். பத்து வருடம் கழித்து நாலு அடி கொடுத்தால் உதிர்ந்துவிடும். உள்ளே கம்பி காய்ந்திருக்கும். தண்ணீர் ஓடிவிட அடியில் சரிவும் வேண்டும். செலவு சில மூட்டை சிமெண்ட். கம்பி என்ன தரம், பாதம் எத்தனைக்கு எத்தனை, எத்தனை மாடிக்குக் கணக்குப் போட்டது என்று பொறியாளர் கையெழுத்துப் போட்ட வரைபடத்தை லேமினேட் செய்து, பத்திரத்தோடு அதே பையில் வைத்துவிடுங்கள். மாடி கட்டும் நாளில் அந்தப் பொறியாளர் எங்கே இருப்பாரோ, மேஸ்திரி எங்கே இருப்பாரோ.