தகட்டில் வெட்டும் தமிழெழுத்து

எழுத்தென்பது எழுதப்படுவதாகலின் அப்பெயர் பெற்றது. ஆயினும் இக்காலத்தில் அது வெட்டவும் படுகின்றது. வீட்டு வாயிற்கதவிலும், கடை முகப்பிலும், நினைவுப் பலகையிலும் இரும்பு, பித்தளை, அலுமினியம் ஆகியவற்றின் தகடுகளில் ஒளி ஊடுருவும்படி எழுத்துக்கள் வெட்டப்பட்டிருத்தலை யாவரும் காண்கின்றோம். கணிப்பொறியில் வரைந்த கோட்டின் வழியே லேசர்க் கதிரோ பிளாஸ்மாச் சுடரோ சென்று தகட்டை அறுக்கின்றது. அவ்வெழுத்தினை அழகும் தெளிவும் குன்றாது அமைக்கும் முறையை ஈண்டுச் சுருங்கக் கூறப் புகுகின்றோம். தமிழ் பயிலும் மாணவர்க்கு இதனால் ஆவதென்னை என்று வினவுவார்க்கு, யாம் செய்த ஒரு பிழையே விடையாகும்.

சென்ற ஆண்டு எம் மன்றத்தின் வாயிலுக்குத் ‘தமிழ்மன்றம்’ என்னும் பெயரை இரும்புத் தகட்டில் வெட்டுவிக்க எண்ணினோம். அழகியதோர் எழுத்துருவைத் தேர்ந்து, எழுத்துக்கள் யாவும் ஓர் அடிச்சட்டத்தின்மேல் நிற்குமாறு படம் வரைந்து, பட்டறைக்கு அனுப்பினோம். வந்து சேர்ந்ததோ ‘தமிழமனறம’! குறைகூறச் சென்ற எம்மை அங்கிருந்த முதியவர் ஒருவர் அமைதியாக நோக்கினார். பொறிமேடையின் அடியில் விழுந்துகிடந்த சிறு வட்டங்கள் மூன்றினைப் பொறுக்கி எம் கையில் வைத்தார். “தம்பிகளா, நீங்கள் வரைந்தபடிதான் பொறி வெட்டிற்று. புள்ளியைப் பிடித்துக்கொள்ள நீங்கள் ஒன்றும் வரையவில்லையே!” என்றார். மெய்யெழுத்திற்குப் புள்ளி இன்றியமையாததென்று தொல்காப்பியத்தில் கற்ற யாம், அதனைக் கையில் ஏந்தி நாணி நின்றோம். இனி, அவ்விடர் எங்ஙனம் நேர்ந்ததென்பதைக் காண்போம்.

தகட்டெழுத்து இருவகைப்படும். எழுத்தின் உருவத்தையே வெட்டி அகற்றி, சுற்றியுள்ள தகட்டை நிறுத்துவது ஒருவகை. இதனைத் துளையெழுத்து என்போம். சுற்றியுள்ள தகட்டை அகற்றி, எழுத்தையே நிறுத்துவது மற்றொருவகை, இது நிலையெழுத்து. துளையெழுத்தில் புள்ளிக்கு யாதோர் இடரும் இல்லை. அஃது ஒரு சிறு துளையாய் நின்றுவிடும். ஆனால் ல, வ, ள, ன முதலியவற்றின் சுழிக்குள் அடைபட்டுள்ள தகடு, நாற்புறமும் அறுபடுதலால் கீழே விழும். சுழி கண்ணிழந்து வெற்றோட்டையாகும். நிலையெழுத்தில் நிலைமை மாறுகின்றது. சுழியின் உட்பகுதி விழுதலே முறை. புள்ளியோ பற்றுக்கோடின்றி வீழ்கின்றது. ஆகவே துளையெழுத்திற்குப் பகை சுழி. நிலையெழுத்திற்குப் பகை புள்ளி. ட, ப போன்ற திறந்த எழுத்துக்கள் இரண்டினும் தீங்கின்றி நிற்கும். இவ்விடர் தமிழுக்கே உரியதன்று. ஆங்கிலத்தின் ஏ, பி, டி, ஓ என்னும் பெரிய எழுத்துக்களிலும் அடைபட்ட கண்கள் உள; சிறிய ஐ எழுத்தின் தலையிலும் புள்ளி உண்டு. ஆதலின் தமிழெழுத்து தகட்டிற்கு ஏலாது என்று கூறி ஆங்கிலத்தை நாடுவார் கூற்றுப் பொருந்தாது.

இவ்விடரைத் தீர்ப்பது பாலம். அறுபடாது விடப்படும் குறுகிய தகட்டுத்துண்டே பாலமாம். அதன் அகலம் தகட்டின் கனத்திற்குக் குறைதலாகாது. 2 மில்லிமீட்டர் கனமுள்ள இரும்புத் தகட்டில் 3 அல்லது 4 மில்லிமீட்டர் பாலம் உறுதி தரும். பொறி அறுக்கும்பொழுது கோட்டின் அகலமளவு உலோகம் எரிந்தொழிதலையும் கருதுதல் வேண்டும். மெல்லிய தகட்டில் லேசரின் அறுப்பகலம் மில்லிமீட்டரில் ஒரு சிறு பகுதியே. பிளாஸ்மாவினதோ பெரும்பாலும் 1 மில்லிமீட்டருக்கு மேற்பட்டது. அறுப்பகலம் 1.5 மில்லிமீட்டர் என்று கொள்க. இரு துளைகளுக்கு இடையே 2 மில்லிமீட்டர் சுவர் வரைந்து, அதற்கு ஈடுசெய்யாது விடின், எஞ்சுவது அரை மில்லிமீட்டரே. அது வெப்பத்தில் வளையும், அல்லது உருகிப்போம்.

வரையும் முறை வருமாறு. 2003ஆம் ஆண்டில் தோன்றிய இங்க்ஸ்கேப் என்னும் வரைகலை மென்பொருள் விலையின்றிக் கிடைப்பது, மாணவர்க்கு ஏற்றது. புகைப்படம் போலப் புள்ளிகளின் தொகுதியாகப் படத்தைக் கொள்ளாமல், கோடும் வளைவுமாகக் கொள்வதால், எத்துணைப் பெரிதாக்கினும் அதன் விளிம்பு சிதையாது. முதற்கண், மெல்லிய கோடில்லாத தடித்த எழுத்துருவொன்றில் பெயரை அடித்தல் வேண்டும். அடுத்து, எழுத்தை வெறும் கோட்டுருவாக மாற்றுதல் வேண்டும். இல்லையேல் அவ்வெழுத்துரு இல்லாத பட்டறைக் கணிப்பொறியில் பெயர் உருமாறித் தோன்றும். மூன்றாவதாக, ஒன்றன்மேல் ஒன்று படிந்த உருவங்களை ஒன்றாக இணைத்தல் வேண்டும். இணையாவிடின் பொறி எழுத்தின் நடுவேயும் அறுத்துச் செல்லும். நான்காவதாக, பாலம் அமைத்தல். துளையெழுத்தில் சிறு செவ்வகத்தைச் சுழியின்மேல் வைத்து எழுத்திலிருந்து கழித்துவிடுக. நிலையெழுத்தில் அதனைப் புள்ளியோடும் எழுத்தோடும் கூட்டுக. இறுதியாக, வேண்டாத கணுக்களை நீக்கி, அளவு மில்லிமீட்டரில் உளதா என்று நோக்கி, பொறி ஏற்கும் டி.எக்ஸ்.எப். கோப்பாகச் சேமிக்க.

இதுகாறும் கூறியது கைத்தொழில். இனிக் கூறுவது தமிழறிவைச் சார்ந்தது. பாலம் ஓரெழுத்தை மற்றோரெழுத்தாக்கிவிடலாகாது. புள்ளியை எழுத்தின் வலத்தோளோடு வளைந்த கம்பியால் பிணைத்தால், ‘ம்’ என்பது ‘மி’ என்று மயங்கும். ஆதலின் பாலம் புள்ளியின் நேர்கீழே, குட்டையாய், நிமிர்ந்து நிற்றல் வேண்டும். மேலே ஒரு சட்டம் அமைத்து, அதினின்று புள்ளியைத் தொங்கவிடுதல் அதனினும் நன்று. மூன்று சுழி ணகரத்திற்கும் இரண்டு சுழி னகரத்திற்கும் வேற்றுமை சுழியின் எண்ணிக்கையே. சுழிகளுக்கு இடைப்பட்ட சுவர் எரிந்தொழியின் ‘மணம்’ ‘மனம்’ ஆகும். கொம்பின் சுழி அடைபடின் ‘கேடு’ ‘கெடு’ ஆகும். இவற்றைப் பட்டறையார் அறிந்திருத்தல் வேண்டும் என்பது முறையன்று. வரைவோன் அறிந்திருத்தல் வேண்டும்.

அழகென்பது தெளிவிற்குப் பகையன்று. அதற்கு ஒரு வேலை கொடுத்தால் துணையாகும். பெயரைச் சூழ ஒரு கொடியை வரைந்து, அதன் தளிர் ஒவ்வொன்றும் ஒரு புள்ளியைத் தாங்குமாறு செய்யின், கொடி அணியுமாகும், பாலமுமாகும். ஆனால் கொடி எழுத்தினும் மெலிந்திருத்தல் வேண்டும். இரண்டும் ஒரே தடிப்பாயின் எது கொடி, எது எழுத்து என்று கண் தடுமாறும். பாலங்கள் யாவும் ஒரே திசையில், ஒரே அகலத்தில் இருப்பின் அவை குறையாகத் தோன்றாது, எழுத்தின் இயல்பாகவே தோன்றும்.

தகட்டிற்குச் செலவிடுமுன் ஒரு சோதனை செய்க. படத்தைத் தடித்த காகித அட்டையில் அச்சிட்டு, கூரிய கத்தியால் கோட்டின் வழியே அறுத்துப் பாருங்கள். அட்டையில் விழுவது தகட்டிலும் விழும். பின்னர் அவ்வட்டையைச் சுவரில் சார்த்தி, வழிப்போவார் நிற்கும் தொலைவில் நின்று, பெயரை முன்னறியாத ஒருவரைப் படிக்கச் சொல்லுங்கள். அவர் தயங்கும் இடமே திருத்தவேண்டிய இடம். யாம் முதலில் இதனைச் செய்திருப்பின் ஒரு தகடு பிழைத்திருக்கும்.

பனையோலையில் எழுதினோர் பெரும்பாலும் புள்ளியிடாது விடுத்தனர். அதனால் ‘எ’கரமோ ‘ஏ’காரமோ, மெய்யோ உயிர்மெய்யோ என்று பொருள்நோக்கித் தெளியும் பெருந்தொல்லை பிற்காலத்துப் பதிப்பாசிரியர்க்கு எய்திற்று. 1887ஆம் ஆண்டில் சீவகசிந்தாமணியை வெளியிட்ட உ. வே. சாமிநாதையர் முதலிய பெரியோர் ஏட்டுச்சுவடிகளில் பட்ட பாட்டினைத் தமிழ் மாணவர் அறிவர். ஓலையில் விடுபட்டதை அச்சு மீட்டது. அச்சு மீட்டதைத் தகடு இழக்க விடலாமோ? எம் மன்றத்தின் வாயிலில் இப்பொழுது புதிய பலகை நிற்கின்றது. அதன் மேற்சட்டத்திலிருந்து மூன்று புள்ளிகளும் உறுதியாகத் தொங்குகின்றன. முதியவர் அளித்த பழைய வட்டங்கள் மூன்றும் எம் மேசையின்மேல் உள. அவற்றைக் காணுந்தோறும், எழுத்தில் சிறிதென்று இகழத்தக்கது யாதும் இல்லையென்பதை நினைவுகூர்கின்றோம்.