பிறர் தலைத்தோல் நமக்குப் பொருந்துமா?

முடி உதிர்வதைப் பற்றிப் பேச்செழுந்தால் நம் விடுதியில் சிரிப்புக்குக் குறைவில்லை. எண்ணெய் விற்பவனும் அறுவைக்கு அழைப்பவனும் நம் கவலையைக் காசாக்குகின்றனர். ஆயினும் முடியிழப்பு எல்லார்க்கும் நகைப்புக்குரிய செய்தியன்று.

கோவைக்கு மேற்கே, தமிழ்நாடும் கேரளமும் சந்திக்கும் எல்லையில் உள்ளது எங்கள் ஆனைகட்டி. பிழைப்புத் தேடி அட்டப்பாடிப் பக்கம் குடியேறிய தமிழ்க் குடும்பங்களுள் எங்களுடையதும் ஒன்று. பக்கத்து வீட்டுத் தங்கை ஒருத்தி ஆலை வேலைக்குச் சென்றாள். ஒருநாள் அவள் பின்னல் சுழலும் இயந்திரத்தில் சிக்கி, நெற்றி முதல் உச்சி வரை தோல் முடியோடு பிய்ந்துபோயிற்று. பிய்ந்த தோலை எவரும் எடுத்துவரவில்லை. தொடைத் தோலை எடுத்து ஒட்டினர், புண் ஆறிற்று, முடி வரவில்லை. விடுமுறையில் ஊருக்குச் சென்றபோது அவள் தாயார் என்னைக் கேட்டார்: "ஏங் கண்ணு, நீ படிச்ச புள்ள. என்ற தலைத்தோல எடுத்து இவளுக்கு வெச்சுத் தெக்க முடியாதா?"

அறிவியல் பயில்வோர் விடை சொல்லவேண்டிய கேள்வி இது. தைக்க முடியுமா என்பது ஒன்று. தைத்தது நிலைக்குமா என்பது மற்றொன்று. இரண்டையும் பிரித்துப் பார்ப்போம்.

தைக்க முடியும். பிய்ந்த தலைத்தோலின் நுண்ணிய இரத்தக் குழாய்களை உருப்பெருக்கியின் துணையோடு இணைத்து, அத்தோலை மீண்டும் உயிர்பெறச் செய்ததாக 1976-ஆம் ஆண்டில் ஆஸ்திரேலிய மருத்துவர்கள் வெளியிட்டனர். 1994-ஆம் ஆண்டில் பஞ்சாபில் ஒரு சிறுமியின் பின்னல் பண்ணை இயந்திரத்தில் சிக்கி, தலைத்தோலோடு முகமும் பிய்ந்தது. லூதியானா கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் ஆபிரகாம் தாமஸ் அதை மீண்டும் பொருத்தினார். எங்கள் ஊருக்கு அண்மையில், கோவை கங்கா மருத்துவமனையிலும் இத்தகைய அறுவைகள் நடைபெற்றுள்ளன.

ஆனால் இவை யாவும் அவரவர் தோலை அவரவர்க்கே பொருத்தியவை. முடி நடுதலும் அத்தகையதே. நியூயார்க்கில் நார்மன் ஓரென்ட்ரைக் 1952-ஆம் ஆண்டில் பின்தலை முடியை வேரோடு எடுத்து, அதே ஆளின் வழுக்கையில் நட்டார். இடம் மாறினும் அம்முடி தன் பழைய இயல்பை விடவில்லை.

பிறர் தோல் என்றால் கதை வேறு. நம் குருதியில் உலவும் வெள்ளணுக்கள் ஊர்க்காவலரைப் போன்றவை. அயலாரைக் கண்டால் விடா. இரண்டாம் உலகப் போரின்போது தீப்புண் பட்டோரை ஆராய்ந்த பீட்டர் மெடவார், பிறர் தோலை உடல் அடையாளங்கண்டு ஒதுக்குகிறது என்பதையும், இரண்டாம் முறை ஒட்டினால் இன்னும் விரைவாக ஒதுக்குகிறது என்பதையும் காட்டினார். 1960-ஆம் ஆண்டில் நோபெல் பரிசு பெற்றவருள் அவரும் ஒருவர். தாயும் மகளும் ஆயினும் இவ்விதி தளராது. விலக்குப் பெறுவோர் ஒரே கருவில் பிரிந்த இரட்டையர். அத்தகைய இருவருக்கிடையே தலைத்தோலை மாற்றிப் பொருத்தியதாக 1982-ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவர் பங்க்கேயும் அவர் குழுவினரும் வெளியிட்டனர்.

மற்றவர்க்கு வழியே இல்லையா? உண்டு, விலைதான் பெரிது. எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்துகளை வாழ்நாள் முழுதும் உண்ணவேண்டும். அவற்றால் தொற்றுநோயும் புற்றுநோயும் எளிதில் வரலாம், சிறுநீரகமும் கெடலாம். அம்மருந்துகளுள் ஒன்றான டாக்ரோலிமஸ் சிலருக்கு முடியையே உதிர்க்கிறது என்பது வேடிக்கையான உண்மை! 2015-ஆம் ஆண்டில் கொச்சி அமிர்தா மருத்துவமனையில் இறந்தவர் கைகளை ஒருவருக்குப் பொருத்தினர். கையின்றி வாழ்வோர்க்கு அவ்விலை தகும், வழுக்கைக்குத் தகுமா? அதே ஆண்டில் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் ஒருவருக்கு மண்டையோட்டின் ஒரு பகுதியையும் தலைத்தோலையும் பிறரிடமிருந்து பெற்றுப் பொருத்தினர். புற்றுநோய் மருத்துவத்தால் அவர் தலையில் ஆறாப் பெரும்புண் இருந்தது. முன்பே மாற்றுச் சிறுநீரகமும் கணையமும் பெற்றிருந்ததால் அம்மருந்துகளை அவர் ஏற்கெனவே உண்டுவந்தார். ஆகவே புதுவிலை எதுவும் தரவேண்டியிருக்கவில்லை.

நம்பிக்கைக்கும் இடமுண்டு. 1999-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஓர் ஆணின் முடிவேரைச் சூழ்ந்த உறையின் அணுக்களை ஒரு பெண்ணின் முன்கையில் வைத்தனர். முடி முளைத்தது, உடல் அதை ஒதுக்கவில்லை! முடிவேரின் இப்பகுதி காவலர் கண்ணுக்குத் தப்புகிறது போலும். இவ்வழி இன்னும் மருத்துவமாக மலரவில்லை.

அந்தத் தாயாருக்கு இவ்வளவையும் எளிய சொற்களில் சொன்னேன். "கொடுத்தால் உங்கள் தலையில் புண், அவள் உடலில் நஞ்சு போன்ற மருந்து. அவள் பின்தலையில் முடி எஞ்சியிருக்கிறதே! அத்தோலுக்கடியில் பலூன் ஒன்றை வைத்து, வாரக்கணக்கில் சிறிது சிறிதாக உப்புநீர் ஏற்றித் தோலை விரித்து, முன்னே இழுத்துத் தைக்கும் முறை உண்டு. அதைக் கேட்டுப் பாருங்கள், அம்மா" என்றேன். இன்று தாயும் மகளும் அதற்கான மருத்துவரை நாடிச் செல்கின்றனர்.

நண்பர்களே, நாம் மனங்கொள்ளவேண்டியவை இரண்டு. பிறர் முடியை நட்டுத் தருவதாக எவரேனும் விளம்பரம் செய்தால் நம்பாதீர்கள். தம் முடியை நடுவதும் அறுவையே. 2016-ஆம் ஆண்டில் சென்னையில் மருத்துவம் பயின்ற மாணவர் ஒருவரே அதன்பின் உயிரிழந்தார். தகுதியுள்ள மருத்துவரா, மயக்க மருந்து வல்லுநர் உடனிருப்பாரா என்று கேட்டறியாமல் தலையை நீட்டாதீர்கள்.

மற்றொன்று: ஆலையிலோ வயலிலோ தலைத்தோல் பிய்ந்தால், காயத்தைச் சுத்தமான துணியால் அழுத்திக் கட்டுங்கள். பிய்ந்த தோலை ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் இட்டு இறுகக் கட்டி, அப்பையைப் பனிக்கட்டியின்மேல் வையுங்கள். பனிக்கட்டி தோலை நேராகத் தொடலாகாது. ஆளோடு அதையும் எடுத்துக்கொண்டு உடனே விரையுங்கள். அவரவர் தோலுக்கு இணையான கொடை வேறில்லை. இச்செய்தியை உங்கள் ஊர்ப் பெண்களிடமும் சொல்லுங்கள். வேலைக்குச் செல்கையில் பின்னலை முடிந்து துணிக்குள் மறைத்துக் கட்டச் சொல்லுங்கள்.