அருகில் என்றால் எவ்வளவு தூரம்?

தூத்துக்குடிப் பட்டணத்தின் வடகோடியில், நாட்டுப்படகுகளும் வள்ளங்களும் வரிசையாக நிற்கும் திரேஸ்புரத்துக்கு வைத்தியசாலை ஒன்றும் தூரமில்லை. 2000-ஆம் ஆண்டில் துவங்கிய அரசு மருத்துவக் கல்லூரியின் ஆஸ்பத்திரி சில கிலோமீட்டருக்குள்ளேயே இருக்கிறது. மனநோய்க்கென்று அங்கே தனிப் பிரிவும் உண்டு. ஆகவே தேசப்படத்தை விரித்துவைத்து அளப்பவருக்கு, மனநல வைத்தியம் எந்த ஊராருக்கும் இடபேதமின்றிக் கிடைக்கவேண்டும் என்ற கொள்கை இந்தக் கரையைப் பொறுத்தவரை சித்தியாகிவிட்டதாகவே தோன்றும். முத்துக்குளிப்பு 1961-உடன் ஓய்ந்துபோன பிறகும் சங்குக்காகக் கடலில் மூழ்கிக்கொண்டிருக்கிற ஒருவருடைய வாரத்தைக் கொண்டு அளந்தாலோ, கணக்கு வேறாக வருகிறது.

முதலில் பழைய தூரங்களைச் சொல்லிவிடலாம். வாலன்டைன் கானலி என்ற கம்பெனி சர்ஜன் 1794-இல் சென்னையில் தொடங்கிய காப்பகம், 1871-இல் கீழ்ப்பாக்கத்துக்குக் குடியேறி, பிற்பாடு ராஜ்யம் முழுமைக்கும் ஒரே அரசு மனநோய் ஆஸ்பத்திரியாக நெடுங்காலம் விளங்கியது. தூத்துக்குடியிலிருந்து அது அறுநூறு கிலோமீட்டருக்கு அப்பால். சித்தம் கலங்கிய பிள்ளையை ஒரு ராத்திரி முழுவதும் ரயிலில் அழைத்துச் செல்வது எத்தகைய பிரயாணம் என்பதை, அப்படிப் போய்வந்த தாய்மாரிடம்தான் கேட்கவேண்டும்.

ஆனால் மனநோயாளிகளை அழைத்துச்செல்லும் புளியம்பட்டி அந்தோணியார் கோயில் இதே ஜில்லாவில் இருந்தது. கிழக்குக் கடற்கரையோரமாக ஏறக்குறைய நூறு கிலோமீட்டர் போனால் ஏர்வாடி தர்கா இருந்தது. அங்கே சீட்டு வாங்க வேண்டியதில்லை. எந்தக் கிழமையில் வந்தாய் என்று கேட்பாரில்லை. தாயும் தமக்கையும் நோயாளியோடு மாதக்கணக்கில் தங்கலாம். புளியம்பட்டிக்கு வருவோரைப் பற்றிப் பிரெஞ்சு மானிடவியலாளர் பிரிஜித் செபஸ்தியா 2007-இல் ஒரு நூலே எழுதினார். படித்தவர்கள் இதையெல்லாம் மூடநம்பிக்கை என்று ஒரே சொல்லில் தள்ளிவிடுவது வழக்கம். எனக்கு அந்த அவசரத்தில் சம்மதமில்லை. குடும்பத்தாரை உடன் தங்கவைப்பது நோய்க்கு அனுகூலம் என்பதை, 1950-களில் அமிர்தசரஸ் மனநோய் ஆஸ்பத்திரி வளாகத்தில் கூடாரங்கள் அடித்து டாக்டர் வித்யா சாகர் செய்து காட்டிய பின்னரே நம் வைத்திய சாஸ்திரம் ஒப்புக்கொண்டது. கோயில்களும் தர்காக்களுமோ அதை எப்போதும் அறிந்திருந்தன.

அவை அறியாதிருந்தது சங்கிலியின் கொடுமையை. 2001 ஆகஸ்டு 6-ஆம் தேதி விடியற்காலையில், ஏர்வாடியில் தனியார் நடத்திய ஒரு காப்பகத்தின் கூரைக் கொட்டகை தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் ஓட வழியின்றி வெந்து மாண்டனர். சுப்ரீம் கோர்ட்டு தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது, காப்பகங்கள் மூடப்பட்டன. நோயாளிகளை அவ்வளவு தூரம் கொண்டுவந்து விட்டுச்செல்லும்படி குடும்பங்களை நிர்ப்பந்தித்த காரணம், அதாவது சொந்த ஊரில் மருந்தில்லை என்ற காரணம், அத்தனை சுலபமாக மூடப்படவில்லை.

அந்தக் காரணத்துக்கு விடையாக வந்தது 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம். சங்கிலியிடுவதை அது எந்த ரூபத்திலும் தடை செய்கிறது. அதன் 18-ஆம் பிரிவோ, ஒவ்வொரு ஜில்லாவிலும் குறைந்தபட்ச மனநல சேவை இருந்தாக வேண்டும், நோயாளி நெடுந்தூரம் பிரயாணம் செய்யும்படி விடக்கூடாது, அவன் வசிக்கும் இடத்தின் அருகிலேயே வைத்தியம் கிடைக்கவேண்டும், ஜில்லாவில் அது இல்லாவிட்டால் வேறிடத்தில் ஆகும் சிகிச்சைச் செலவை அரசே ஏற்கவேண்டும் என்று விரித்துரைக்கிறது. இச்சட்டம் அமலுக்கு வந்தது 2018 மே 29-ஆம் தேதி. அதற்குச் சரியாக ஒரு வாரம் முன்னே, மே 22-இல், ஸ்டெர்லைட் ஆலையை எதிர்த்துத் திரண்ட ஜனங்கள்மீது தூத்துக்குடியில் துப்பாக்கிப் பிரயோகம் நடந்தது. இறந்தவர்களில் ஒரு பெண் திரேஸ்புரத்திலேயே சுடப்பட்டார். மனநல சேவை அருகில் வேண்டும் என்பதற்கு அந்த வாரத்தில் இந்த ஊரைவிடப் பொருத்தமான ஊர் இருந்திருக்க முடியாது.

இனி, முதலில் சொன்ன சங்குகுளிப்பவரின் வாரக்கணக்குக்கு வருவோம். படகில் ஏறாதவனுக்குப் பங்கு கிடையாது. மனச்சிதைவு போன்ற நோய்க்கு மருந்து மாதக்கணக்கில், பெரும்பாலும் வருஷக்கணக்கில், இடைவிடாமல் செல்லவேண்டும். மருந்து வாங்க நோயாளி தனியே போகமுடியாதாகையால், கூடப் போகிறவருடைய கூலியும் போகிறது. கிறிஸ்தவ மீனவர் கடலுக்குப் போகாமல் கரையில் இருக்கும் நாள் ஞாயிற்றுக்கிழமை; புறநோயாளர் பிரிவில் நிபுணர்கள் பெரும்பாலும் இல்லாத நாளும் அதுவே. நான்கு கிலோமீட்டர் தூரம் இப்படித்தான் நானூறாகிறது. வேல்ஸ் தேசத்து நிலக்கரிச் சுரங்கக் கிராமமொன்றில் வைத்தியம் பார்த்த ஜூலியன் டியூடர் ஹார்ட் என்ற டாக்டர், எங்கே வைத்தியம் அதிகம் தேவையோ அங்கேதான் அது குறைவாகக் கிடைக்கிறது என்று 1971-இல் ஒரு விதியையே வகுத்தார். அவர் கண்டது சுரங்கத்தொழிலாளரை. கடல்தொழிலாளரைக் கண்டிருந்தாலும் விதி மாறியிராது.

2022 அக்டோபர் 10 முதல் 14416 என்ற தொலைபேசி எண்ணில் இரவுபகலாக, தமிழிலேயே, மனநல ஆலோசனை கிடைக்கிறது. நல்ல ஏற்பாடு, ஆறு பேர் படுக்கும் ஒற்றை அறையில் இருந்துகொண்டு மனத்திலுள்ளதைப் போனில் சொல்வதெப்படி என்ற கேள்வி மட்டும் நிற்கிறது. டாக்டர் சாரதா மேனன் மனச்சிதைவு நோய்க்கென 1984-இல் நிறுவிய ஸ்கார்ஃப் ஸ்தாபனம், 2010 வாக்கில் புதுக்கோட்டைக் கிராமங்களுக்கு ஒரு பஸ்ஸை அனுப்பி, அதற்குள்ளிருந்தபடியே சென்னை டாக்டரிடம் திரையில் பேசவும், அங்கேயே மருந்து பெறவும் வழிசெய்தது. அத்தகைய பஸ் ஒன்று ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த பிற்பாடு திரேஸ்புரத்துக் கரையில் வந்து நிற்கலாகாதா? டாக்டர்களுக்கும் ஞாயிறு வேண்டுமே என்பார்கள். வேண்டியதுதான், ரயில்வேயிலும் துறைமுகத்திலும் முறைவைத்து வேலை பார்ப்பவர்கள் தங்கள் ஓய்வைப் புதன்கிழமையில் எடுத்துக்கொள்கிறார்கள்.