மூடிய கண்ணுக்குள் நீல ஒளி

தலைப் பகுதியில் உண்டான புற்றுநோய்க்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை பெறுகிறவர்களில் சிலர், வீட்டுக்கு வந்ததும் தயங்கித் தயங்கி ஒரு விஷயம் சொல்வதுண்டு. கண்களை இறுக மூடிக் கொண்டிருந்தும் நீலமாக ஏதோ பளிச்சிட்டதாம்! கேட்கிறவர்களுக்குத் திக்கென்று இருக்கும். புத்தி பேதலித்து விட்டதோ என்று கூடக் கலங்குவார்கள். அப்படியெல்லாம் இல்லை, சகோதரிகளே! அந்த ஒளி மெய்யாகவே கண்ணுக்குள் பிறக்கிறது.

எப்படி என்கிறீர்களா? பிச்சாவரம் உப்பங்கழியில் மோட்டார் படகு போவதைப் பாருங்கள். மெதுவாகப் போனால் சிற்றலைகள் அதற்கு முன்னே ஓடிவிடுகின்றன. அலையை மிஞ்சிய வேகத்தில் போனாலோ, அலைகள் ஒன்றுசேர்ந்து படகுக்குப் பின்னால் ஆப்பு வடிவில் எழும்புகின்றன. ஒளிக்கும் இதே கதைதான்.

வெற்றிடத்தில் ஒளி விநாடிக்குச் சுமார் 3 லட்சம் கிலோமீட்டர் பாய்கிறது. அதை எந்தப் பொருளாலும் மிஞ்ச முடியாது. ஆனால் தண்ணீருக்குள் அதன் வேகம் சுமார் 2¼ லட்சமாகக் குறைந்து விடுகிறது. அங்கே எலெக்ட்ரான் என்ற நுண்துகள் ஒளியையே முந்திவிடக் கூடும். முந்தினால், அதன் பின்னே நீல ஒளி எழும்புகிறது. 1934-ல் இதைக் கண்டறிந்தவர் ரஷ்ய விஞ்ஞானி செரென்கோவ். காரணத்தை விளக்கிய பிராங்க், டாம் இருவருடன் அவர் 1958-ல் நோபல் பரிசைப் பகிர்ந்து கொண்டார்.

பம்பாயை அடுத்த டிராம்பேயில், 1956 ஆகஸ்டு 4-ந் தேதி நம் நாட்டின் முதல் அணு உலை இயங்கத் தொடங்கியது. நீர்த் தொட்டிக்குள் அமைந்த அந்த உலையில் தோன்றிய நீல ஒளியின் அழகை நினைத்துத்தான் நேரு அதற்கு 'அப்ஸரா' என்று பெயர் சூட்டினார்.

கண்ணின் உட்புறமும் பெரும்பாலும் நீர்தானே! சிகிச்சைக் கதிர்கள் அங்கே எலெக்ட்ரான்களை விரட்டுகின்றன. அதே நீல ஒளி பிறக்கிறது. அமெரிக்காவில் டார்ட்மவுத் விஞ்ஞானிகள், சிகிச்சை நடக்கும்போதே ஒரு நோயாளியின் கண்ணில் எழுந்த அந்த ஒளியைக் காமிராவில் பிடித்தார்கள். 2020-ல் அந்த ஆய்வு வெளியாயிற்று.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-ல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிலையத்துக்கு, மங்கலம்பேட்டையிலிருந்து ஒரு தாய் வருகிறாள் என்றால், குழந்தைகளையும் வீட்டையும் பிறர் பொறுப்பில் விட்டுத்தான் வரவேண்டும். அத்தனை சிரமப்பட்டுப் பெறும் சிகிச்சையை, ஒரு நீல வெளிச்சத்துக்குப் பயந்து பாதியில் விடலாமா?

கண்டதை டாக்டரிடம் கூச்சமின்றிச் சொல்லச் சொல்லுங்கள். சிகிச்சை மேஜையை விட்டு இறங்கிய பிறகும் கண்ணில் மின்னினாலோ, பார்வை மங்கினாலோ, அது வேறு விஷயம். அன்றைக்கே காட்டிவிட வேண்டும்.