ஒளியைத் தாங்கும் மரச்சட்டம்

கோவில் பலகணிகளில் வண்ணக் கண்ணாடிச் சித்திரங்களைக் காணும்போது, நம் கண்கள் அவற்றின் அழகிலேயே நிலைத்துவிடுகின்றன. அவற்றைத் தாங்கும் சட்டத்தை யார் நோக்குகிறார்கள்? ஒரு மாலைப்பொழுது நமக்குப் பாடம் புகட்டும்வரை நாமும் நோக்கியதில்லை.

நம் பங்கின் பழைய சிற்றாலயத்தைப் புதுப்பித்தபோது, அதன் பலகணியிலிருந்த நல்லாயன் சித்திரத்தைக் கழற்றி வைத்திருந்தோம். மூன்றடி உயரமும் இரண்டடி அகலமும் கொண்டது. முன்னோர் வியர்வை சிந்திச் சேர்த்த காசில் வாங்கியது. திருவிழாவுக்குள் அதனைப் பீடத்தருகே தொங்கவிட வேண்டுமென்ற அவசரத்தில், படங்களுக்குச் சட்டமிடும் கடையொன்றில் மெல்லிய சட்டம் போட்டு வாங்கினோம். மூன்றாம் நாள் மாலை, செபமாலை நடந்துகொண்டிருக்கையில், கீழ்ச்சட்டம் மூலையில் பிளந்தது. முன்வரிசையில் சிறுவர்கள் அமர்ந்திருந்தனர். உபதேசியார் பாய்ந்து சென்று தாங்கிப் பிடித்திராவிடில் என்ன நேர்ந்திருக்குமோ! நல்லாயன் தோளிலிருந்த ஆட்டுக்குட்டியின் கால் மட்டும் விரிசல் கண்டது.

மறுநாள் முதிய ஆசாரி ஒருவரை அழைத்தோம். உடைந்த மூலையைத் தடவிப் பார்த்த அவர், "சாமி, இது காகிதப் படமா? பாரமெல்லாம் கீழ்ச்சட்டத்தில் அல்லவா இறங்கும்! பசையை மட்டும் நம்பலாமா?" என்றார்.

அவர் கூற்று முற்றிலும் உண்மை. கண்ணாடித் துண்டுகளை இணைப்பவை ஈயப் பட்டைகளே. ஈயம் நீரைவிட 11 மடங்கு கனமானது. அதே வேளையில் மென்மையானது. ஆண்டுகள் செல்லச் செல்லத் தன் பாரத்தாலேயே தொய்ந்துவிடும். பிரான்சு நாட்டின் சார்த்தர் பேராலயத்தில் 12, 13-ஆம் நூற்றாண்டுச் சித்திரங்கள் இரும்புச் சட்டங்களில் பகுதி பகுதியாகப் பொருத்தப்பட்டுள்ளன. 1939-இல் போர் மூண்டபோது அவற்றைக் கழற்றிப் பாதுகாத்தனர்.

ஆசாரி நன்கு காய்ந்த தேக்கில், 2 அங்குல அகலமும் 1½ அங்குலக் கனமும் உள்ள சட்டங்களை எடுத்தார். பக்கச் சட்டங்கள் இரண்டையும் முழு உயரத்துக்கு விட்டு, மேல், கீழ்ச் சட்டங்களின் முனைகளை நாக்குப்போல் செதுக்கிப் பக்கச் சட்டங்களின் துளைகளில் செலுத்தி, மூங்கில் ஆணி அடித்து இறுக்கினார். பின்புறம் அரை அங்குலக் காடி எடுத்தார். சித்திரத்தைக் கீழே இரு சிறு மரத்துண்டுகளின்மீது அமர்த்தி, சுற்றிலும் ஒரு நூல் இடைவெளி விட்டார். மழைக்காலத்தில் மரம் உப்பும்போது கண்ணாடி நெரியாதிருக்க அந்த இடம் தேவை. பின்னர் மெல்லிய மரப்பட்டிகளைப் பித்தளைத் திருகாணிகளால் பொருத்தினார். சுத்தியல் அடி கண்ணாடிக்கு ஆகாது; பழுதுபார்க்கக் கழற்றுவதும் எளிது. குறுக்கே ஒரு பித்தளைக் கம்பி வைத்து, அதனைச் செம்புக் கம்பியால் ஈயத்தோடு கட்டினார். தொங்கவிடும் கொக்கிகளைப் பக்கச் சட்டங்களிலேயே பதித்தார்.

இத்தகைய சித்திரம் உங்கள் ஆலயத்திலோ இல்லத்திலோ இருந்தால், அதனை ஒருபோதும் படுக்கைவாட்டில் தூக்காதீர்கள். நிமிர்த்தியே எடுத்துச் செல்லுங்கள். ஈயத்தின்மீது படியும் வெண்பொடி நஞ்சு, பிள்ளைகளைத் தொடவிடாதீர்கள், தொட்டால் கைகளை நன்கு கழுவுங்கள்.

இப்போது நல்லாயன் மீண்டும் பீடத்தருகே இருக்கிறார். காலை வெயிலில் நீலமும் சிவப்பும் தரையில் படிகின்றன. வருவோர் எவரும் சட்டத்தைப் பார்ப்பதில்லை. அதனைக் காணும்போதெல்லாம் நமக்குப் புனித சூசையப்பரே நினைவுக்கு வருகிறார். அவரும் தச்சர். அவர் பேசிய ஒரு சொல்கூட நற்செய்தியில் இல்லை. ஆயினும் திருக்குடும்பத்தின் பாரத்தை அவரே தாங்கினார். திருத்தந்தை 12-ஆம் பத்திநாதர் 1955-இல் மே முதல் நாளைத் தொழிலாளரான சூசையப்பரின் திருநாளாக ஏற்படுத்தினார்.

அன்பான பெற்றோரே, பிள்ளைகளின் படிப்பும் பட்டமும் ஊரார் கண்ணுக்கு அழகாய்த் தெரியலாம். அவர்களைத் தாங்கும் இல்லத்தின் மூலைகள் உறுதியாய் உள்ளனவா? இன்றிரவு குடும்பச் செபத்துக்குப்பின் சற்றே எண்ணிப் பாருங்கள்.