காருக்கு பொலிஷ்: பளபளப்புக்கும் ஒரு கணக்கு உண்டு

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு முன்னர் ஒரு வாளித் தண்ணீர், கிழிந்த பெனியன் துண்டு ஒன்று. நம்மவர்களில் பலருக்கு கார் கழுவுவது என்றால் இவ்வளவுதான். நானும் பல வருடமாக அப்படித்தான் கழுவினேன். காரைச் சுத்தப்படுத்துவதாக நினைத்துக்கொண்டு அதைச் சுரண்டிக்கொண்டிருந்தேன் என்பது பிந்தித்தான் விளங்கியது.

2020ஆம் ஆண்டு வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டபோது, என்னிடமிருந்த கருநீல கொரோலா 121ஐ மாற்றும் எண்ணத்தைத் தள்ளிப்போட்டேன். 2025 பெப்ரவரியில் கார் இறக்குமதிக்கு மீண்டும் வழி திறந்தது. வரியோடு சேர்த்து விலை விசாரித்தேன். சலாம் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். இருப்பதைப் பேணுவதே இலாபம் என்று முடிவெடுத்தேன். ஆனால் பகல் வெயிலில் பொனட்டைப் பார்த்தால் சிலந்தி வலை பின்னியது போல ஆயிரம் கீறல். "கட் அண்ட் பொலிஷ்" போட ஓரிடத்தில் கேட்ட தொகை, என் கடை ஊழியர் ஒருவரின் ஒரு கிழமைச் சம்பளத்துக்கும் மேல். சரி, நாமே பழகுவோம் என்று இறங்கினேன்.

எங்கள் வீதியில் ஒரு தம்பி இருக்கிறார். கட்டாரில் சில வருடம் கார் பராமரிக்கும் இடமொன்றில் வேலை செய்தவர். அவர் சொன்ன முதல் வார்த்தையே என்னை நிறுத்தியது. "நானா, பொலிஷ் எண்டா போடுற சாமான் இல்ல. எடுக்கிற வேல."

எடுப்பது எதை?

இக்காலக் கார்களில் நிறப் பெயின்ட்டுக்கு மேலே நிறமில்லாத ஒரு படை உண்டு. கிளியர் கோட் என்பார்கள். மினுக்கமும் வெயிலிலிருந்து பாதுகாப்பும் அதனால்தான். கம்பனிப் பெயின்ட் முழுவதும் சேர்ந்தே ஏறத்தாழ 100 முதல் 150 மைக்ரோன். நாம் பில் அடிக்கும் ஏ4 தாள் ஒன்றின் கனம் ஏறத்தாழ 100 மைக்ரோன். அதில் கிளியர் கோட்டின் பங்கு 40, 50 மைக்ரோன்தான். தலைமயிரை விட மெல்லியது.

கீறல் என்பது அந்தப் படையில் விழுந்த பள்ளம். பொலிஷ் பள்ளத்தை நிரப்புவதில்லை. சுற்றியுள்ள மேட்டைத் தேய்த்துப் பள்ளத்தின் மட்டத்துக்குக் கொண்டுவருகிறது. ஆகவே ஒவ்வொரு தடவையும் முதலில் கை வைக்கிறோம். வியாபாரிக்கு இதை விளக்கத் தேவையில்லை. முதலை எடுத்துச் செலவழித்துக்கொண்டே இருந்தால் கடை எத்தனை நாளைக்கு ஓடும்?

கடையில் விற்கும் போத்தல்கள் எல்லாம் ஒன்றல்ல. கொம்பவுண்ட் வெட்டும். பொலிஷ் அந்த வெட்டின் மங்கலைப் போக்கி மினுக்கும். வெக்ஸ் எதையும் வெட்டாது, மேலே படிந்து பாதுகாக்கும். மூன்றையும் ஒன்றென்று நினைப்பதுதான் புதியவர் செய்யும் முதல் தவறு.

கழுவுவதில்தான் பாதி வேலை

கீறலில் பெரும்பகுதி கழுவும்போதும் துடைக்கும்போதும் வருவது. காய்ந்த தூசியை வெறும் துணியால் தட்டுகிறோம். அந்தத் தூசிக்குள் மணல் இருக்கிறது. மணலை வைத்துத் தேய்த்தால் என்ன நடக்கும்?

முதலில் தண்ணீர் அடித்து மணலை இறக்க வேண்டும். பிறகு இரண்டு வாளி. ஒன்றில் கார் ஷம்பூ, மற்றதில் வெறும் தண்ணீர். துணியை ஷம்பூவில் தோய்த்து ஒரு பக்கம் துடைத்ததும், வெறும் தண்ணீரில் அலசிவிட்டுத்தான் மீண்டும் ஷம்பூவுக்குப் போக வேண்டும். கூரையில் தொடங்கிக் கீழே வர வேண்டும். அடிப்பகுதியும் டயரும் கடைசி, அதற்கு வேறு துணி. வெயிலில் நிறுத்திக் கழுவக் கூடாது, தண்ணீர் காய்ந்து வெள்ளைப் புள்ளி விழும். பாத்திரம் கழுவும் திரவம் பாவிக்கக் கூடாது, அது வெக்ஸையும் சேர்த்துக் கழற்றிவிடும். பறவை எச்சத்தைக் கண்டால் அன்றே ஈரத்துணியால் ஊறவைத்து எடுக்க வேண்டும். கடலோர ஊர்க்காரர்கள் உப்புக் காற்றுப் படிவதை அடிக்கடி கழுவிவிட வேண்டும்.

கழுவிய பின் கையில் மெல்லிய ஷொப்பிங் பேக் ஒன்றை மாட்டிக்கொண்டு பொனட்டைத் தடவிப் பாருங்கள். மணல் தாள் போல் சொரசொரத்தால், கழுவிப் போகாத அழுக்கு ஒட்டியிருக்கிறது. அதற்குக் கிளே பார் என்று களிமண் போன்ற ஒன்று உண்டு. வழுக்கும் திரவத்தைத் தெளித்து, அழுத்தாமல் உரச வேண்டும். நிலத்தில் விழுந்தால் எடுத்து எறிந்துவிடுங்கள். ஒட்டிய மணல் வாழ்நாள் கீறல் போடும்.

துணி பற்றிச் சொல்ல எனக்கு உரிமை உண்டு, என் தொழிலே அதுதான். மைக்ரோபைபர் துணி பொலியெஸ்டரும் பொலியமைட்டும் கலந்தது. நூறுக்கு எண்பது இருபது, எழுபது முப்பது என்ற கணக்கில் வரும். ஒரு சதுர மீற்றர் துணி எத்தனை கிராம் என்பதை ஜீ.எஸ்.எம். என்போம். பொலிஷ் துடைக்க 300, 350 போதும். தண்ணீர் ஒற்றி எடுக்க இன்னும் தடித்தது வேண்டும். ஓரத்தில் தைத்த லேபலை வெட்டிவிடுங்கள், அதுவும் கீறும். துணியைக் கழுவும்போது மென்மையாக்கும் திரவம் சேர்க்க வேண்டாம், இழையின் உறிஞ்சும் சக்தி போய்விடும்.

அவசரத்தின் விலை

பொலிஷ் மெஷினில் இரண்டு வகை. ரோட்டரி ஒரே அச்சில் வேகமாகச் சுற்றும். நன்றாக வெட்டும், சூட்டையும் கிளப்பும். டுவல் அக்‌ஷன் சுற்றிக்கொண்டே ஆடும், ஒரே இடத்தில் சூடு ஏறுவது குறைவு. புதியவருக்கு இரண்டாவதுதான் பொருத்தம். தம்பி தன்னுடைய டுவல் அக்‌ஷனைக் கொண்டுவருவதாகவும் இரண்டு நாள் பொறுக்கும்படியும் சொல்லியிருந்தார்.

நான் பொறுக்கவில்லை. அஸருக்குப் பிறகு தெரிந்த டிங்கர் ஒருவரிடம் ரோட்டரி ஒன்றை இரவல் வாங்கிவந்து பொனட்டில் வைத்தேன். ஓரங்களுக்கு மாஸ்கிங் டேப் ஒட்டவில்லை. பொனட்டின் வளைவு விளிம்பில் பெயின்ட் மெல்லிசு. அங்கே மெஷினை ஒரு கணம் கூடுதலாக நிறுத்திவிட்டேன். பஞ்சு நீலமாக வந்தது. நிறுத்திப் பார்த்தால், பெருவிரல் அளவுக்கு கிளியர் கோட் போய்விட்டது. அதற்கு பொலிஷ் இல்லை, மீண்டும் பெயின்ட் அடிப்பதுதான் வழி.

கிளியர் கோட் இல்லாத பழைய கார்களில் பஞ்சில் நிறம் வருவது வழமை, பயப்படத் தேவையில்லை. கிளியர் கோட் உள்ள காரில் நிறம் வந்தால் உடனே கையை எடுங்கள்.

பிறகு தம்பி வந்து முறையாகக் காட்டினார். முதலில் ஒரு சிறு இடத்தில் பரீட்சை. குறைந்த வெட்டுள்ள பொலிஷையும் மெதுவான பஞ்சையும் முதலில் பாவிக்க வேண்டும். அது போதுமென்றால் அதோடு சரி. பஞ்சில் கடலையளவில் நாலு சொட்டு. ஒன்றரை அடிச் சதுரம் ஒன்றை எடுத்து, மெஷினை மெதுவாக முதலில் நெடுக்கும் பிறகு குறுக்கும் ஓட்டி, துடைத்துப் பார்த்துவிட்டு அடுத்த சதுரம். எல்லாம் நிழலில், தகரம் குளிர்ந்திருக்கும்போது. கடைசியில் மெல்லியதாக வெக்ஸ். ஆழமான கீறல்களை அப்படியே விட்டுவிட்டோம். நகம் இடறும் கீறலை எடுக்கப்போனால் படையே மிஞ்சாது.

இரண்டு நாள் வேலை. பொனட்டில் வீட்டு மாமரத்தின் இலை தெரிந்தது.

மறைப்பதும் பொலிஷ்தான்

இதை எழுத வேறொரு காரணமும் உண்டு. 2011இல் என் வேனை விற்றேன். பக்கவாட்டில் முள்ளுக்கம்பி இழுத்த மெல்லிய கீறல்கள் வரிசையாக இருந்தன. விற்க முன் ஓரிடத்தில் கொடுத்தேன். ஒரு மணித்தியாலத்தில் கீறலே இல்லாமல் தந்தார்கள். எடுக்கவில்லை, எண்ணெய்த்தன்மையுள்ள கிளேஸ் ஒன்றால் நிரப்பியிருந்தார்கள். சில தடவை கழுவினால் அது போய்விடும். எனக்கு அது தெரியும்.

வாங்க வந்தவர் பாடசாலை வேன் ஓட்டுபவர். மஃரிபுக்குப் பிறகு வந்து டியூப் லைட் வெளிச்சத்தில் பார்த்தார். பகலில் வாருங்கள் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஒரு மாதம் கழித்துக் கடைக்கு வந்தார். சண்டை பிடிக்கவில்லை. "நீங்க சொல்லீந்தா அதே சல்லிக்கே எடுத்தீப்பேன் முதலாளி" என்றார். ஒரு தொகையைத் திருப்பிக் கொடுக்கப்போனேன், வாங்காமல் போய்விட்டார்.

மதீனாவின் சந்தையில் நபி (ஸல்) அவர்கள் தானியக் குவியலுக்குள் கையை விட்டு, அடியில் ஈரத்தைக் கண்ட சம்பவம் ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியிருக்கிறது. மழையில் நனைந்தது என்று வியாபாரி காரணம் சொன்னார். மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்க வேண்டாமா என்று அவர்கள் கேட்டார்கள். ஏமாற்றுபவர் தம்மைச் சேர்ந்தவரல்லர் என்றும் எச்சரித்தார்கள். இந்த ஹதீஸை எத்தனையோ தடவை பயானில் கேட்டிருக்கிறேன். அந்த வேன்காரர் படியிறங்கிப் போனபோதுதான் அது எனக்குரியது என்று விளங்கியது.

விற்குமுன் காரைக் கழுவுவதும் மினுக்குவதும் தவறல்ல. உள்ளதை நன்றாகக் காட்டுவது வியாபாரம். உள்ளதை இல்லாததாகக் காட்டுவது மோசடி. இரண்டுக்கும் இடையில் இருப்பது அந்தக் கிளியர் கோட் அளவு மெல்லிய படைதான்.

வாங்குபவர்களே, காரைப் பகலில், காய்ந்த நிலையில் பாருங்கள். தண்ணீர் நனைந்த காரில் கீறல் தெரியாது. ஹெட்லைட் கண்ணாடி போலத் தெளிவாக இருந்தாலும் கேளுங்கள். மஞ்சள் பட்ட பிளாஸ்டிக்கைத் தேய்த்து மினுக்கிவிட்டு, வெயிலைத் தாங்கும் பூச்சு பூசாமல் விட்டால் சில மாதங்களில் மீண்டும் மஞ்சளாகும்.

விற்பவர்களே, குறையை முதலில் காட்டுங்கள். சென்ற மாதம் மச்சானின் நண்பர் ஒருவர் என் கொரோலாவைக் கேட்டு வந்தார். லுஹருக்கு முன்னரே வரச் சொன்னேன். அவர் மினுக்கத்தைப் பார்க்க முன் பொனட் விளிம்பில் நான் எரித்த இடத்தில் விரலை வைத்துக் காட்டினேன். விலையில் கொஞ்சம் குறைத்துக் கேட்டார். நியாயம்தான். யோசித்துச் சொல்வதாகப் போயிருக்கிறார். விற்றாலும் விற்காவிட்டாலும், அன்றிரவு நிம்மதியாகத் தூங்கினேன், அல்ஹம்துலில்லாஹ்.